முந்நூறு

மஹ்பூலாவில் லிஃப்ட் ஓடாத கட்டடம், ஆறாம் மாடி.
ராத்திரி ஒன்றரைக்குத்தான் எங்கள் உலகம் திறக்கும்.
பக்கத்து அறைகள் ஊருக்கு வீடியோ பேசி ஓய்ந்தபிறகு
இணையம் கொஞ்சம் இளகும்.

கீழ்க்கட்டிலில் ரெக்ஸ்லின், இரணியல்காரன்,
மடியில் மடிக்கணினி, அதன் அடியில்
சூடு தாங்க ஒரு முட்டை அட்டை.
அந்த உலகத்தில் அவன் கொல்லன்.
முதல் நாள் எல்லோரையும்போல்
கிழிந்த சட்டையோடு வந்து இறங்கியவன்தான்.
ஊர்வாசலில் இரவும் பகலும் நிற்கிற ஆசானுக்குப்
பத்து செப்புக்காசு கொடுத்தான்.
அவ்வளவுதான். கொல்லன்.

ஒருவனுக்கு இரண்டு தொழில், அங்கே அது சட்டம்.
ரெக்ஸ்லின் சுரங்கமும் உலையும் எடுத்தான்.
தானே தோண்டி, தானே உருக்கி, தானே அடிக்கலாம்,
எவனிடமும் கையேந்த வேண்டாம் என்று கணக்கு.
நான் கணக்குப் பார்க்காமல் மீன்பிடியும் தையலும் எடுத்தேன்.
தூண்டிலுக்கும் ஊசிக்கும் என்னடா உறவு என்று
செபுவிலிருந்து ஆடுகிற ரொலாண்டோ
இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

செய்யச் செய்யத்தான் திறன் ஏறும். உச்சம் முந்நூறு.
அதிலும் ஒரு சூட்சுமம்: செய்முறைக்கு நிறம் உண்டு.
ஆரஞ்சு என்றால் அடித்ததும் ஒரு புள்ளி.
மஞ்சள் என்றால் அநேகமாக,
பச்சை என்றால் உன் அதிர்ஷ்டம்.
சாம்பல் ஆகிவிட்டால்
ஆயிரம் ஆணி அடித்தாலும் எண் அசையாது,
கரி மட்டும் தீரும்.

‘நம்ம வேலை சாம்பல் ஆகிப் பத்து வருஷமாச்சு மக்களே’
என்றான் ஒருநாள், டேப் பிசின் போகாத விரலைப் பார்த்தபடி.
பதினொரு வருஷமாய் ஏசிக் குழாய் மாட்டுகிறான்.
பாதி குவைத் தன் தகரத்தின் வழியாகத்தான் குளிர்கிறது என்பான்.
பாதி இல்லை. ஆனாலும் நிறைய.

பத்தாக்காவில் அவன் தொழில்: ஆடு மேய்ப்பவர்.
அந்த விசாதான் மலிவாய்க் கிடைத்தது.
என்னுடையதில் வீட்டுச் சமையல்காரன்.
நிற்பது பகாலாக் கல்லாவில்,
முட்டை அவித்தால் வெடிக்கும்.

விளையாட்டில் தொழிலை மறக்க ஒரு பொத்தான் உண்டு.
நிச்சயமாகவா என்று ஒரே ஒரு தரம் கேட்கும்.
ஆம் என்றால் எல்லாம் பூஜ்யம்,
மறுநிமிஷம் வேறு ஆசான் வாசலில் நிற்கலாம்.
ரெக்ஸ்லின் மந்தூபிடம் போய்க் கேட்டான்.
சான்றிதழ், தூதரக முத்திரை, கஃபீல் கையெழுத்து,
அறுநூறு தினார்.
பதினொரு வருஷம் செய்தேனே என்றான்.
அது எங்கே எழுதியிருக்கு என்றான் மந்தூப்,
கோபமாக இல்லை, நிஜமாகவே தேடுகிறவன்போல.

அன்று ராத்திரி விடியும்வரை
கருப்பிரும்பு மார்க்கவசமாய் அடித்துத் தள்ளினான்.
ஒன்றுக்கு இருபது கட்டி.
மூன்று புள்ளி ஏறியது.

போன வியாழன், ஜலீப் போகிற வழியில் சோதனை.
போலீஸ்காரன் சின்னப் பையன்.
அட்டையைப் பார்த்தான், விரலைப் பார்த்தான்,
பின்சீட்டில் கிடந்த தகரக் கத்தரியைப் பார்த்தான்.
‘மேய்ப்பனா? எத்தனை ஆடு?’

அடுத்தது என் அட்டை. மச்பூஸ் எப்படிச் செய்வார்கள் என்று
மனசுக்குள் துழாவினேன்,
அரிசி என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

ரெக்ஸ்லின் கண் இமைக்காமல் சொன்னான்:
‘முந்நூறு.’

பையன் சிரித்தான். ஏனோ விட்டுவிட்டான்.
பாலம் தாண்டும்வரை நாங்கள் பேசவில்லை.
அன்றைக்கு அது இருநூற்று எண்பத்தேழுதான் என்பது
எனக்கும் ரொலாண்டோவுக்கும் மட்டும் தெரியும்.