இரட்டை வேகம்

சொரிமுத்து எங்கேயும் படிக்கவில்லை.
அம்பாசமுத்திரம் கல்யாண மண்டபங்களில்
ஏழு வருஷம் ஃபோகஸ் லைட் பிடித்தான்.
கண் கூசிய தாய்மாமன்கள் ஏசுகிற ஏச்செல்லாம் அவனுக்கு.
எந்த மூக்கில் வெளிச்சம் எப்படி விழும் என்பது
அந்த ஏச்சில் வந்த படிப்பு.

முதல் பாட்டு பாப்பாக்குடி அம்மன் கொடைக்கு.
இரண்டாயிரம் ரூபாய், ஒரு கிடாத்தொடை.
டிராலிக்கு என் எக்ஸெல் வண்டி.
எஞ்சினை அணைத்துவிட்டு நான் தள்ளுவேன்,
பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பான் அவன்
கேமராவைக் கைப்பிள்ளையாக அணைத்து.
மூச்சு விட்டால் படம் ஆடும் என்று
பல்லவி முடிகிறவரை அடக்கிக்கொள்வான்.
சரணத்தில் இருமுவான்.
அதனால் அவன் சரணங்களெல்லாம் துண்டு துண்டு ஷாட்.

பணகுடிக் காற்றாலை அடியில்
வெட்டை ஒளிக்கக் கற்றுக்கொண்டான்:
இறக்கை நிழல் முகத்தைக் கடக்கிற இமைப்பொழுதில்
பச்சைச் சேலை மஞ்சளாகிவிடும்.
ஒருநாள் காற்று நின்றது.
நாலு மணி நேரம் டீக்கடையில் கிடந்தோம்,
கதாநாயகன் தூங்கிப்போனான்.

பிறகு அந்தக் கணக்கு.
பஸ் டிக்கெட்டின் முதுகில் எழுதிக் காட்டினான்:
பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடு,
அதே வேகத்தில் வாயசைக்கச் சொல்,
எடுத்த படத்தைப் பாதிக்குக் குறை.
உதடு பாட்டோடு போகும்,
மற்றதெல்லாம் தண்ணீருக்குள் நடக்கும்.

முக்கூடலில் ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை.
ஸ்பீக்கரில் பாட்டு அணில் மாதிரி கத்த
தெருவே சிரித்தது.
வேடிக்கை பார்த்த தங்கபுஷ்பம்
மடியில் சுளகோடு, பீடி சுற்றிக்கொண்டே
ஒரு சொல் பிசகாமல் வாயசைத்தாள்.
"இதெல்லாம் ஒரு வேகமாண்ணே?
கடை அடைக்கதுக்குள்ள நான் ஆயிரம் சுத்தணும்."

அப்படியே எடுத்தோம், சுளகும் அவளுமாக.

பத்து நாள் கழித்து அவள் வீட்டு டிவியில் போட்டோம்.
இலை பொறுமையாகச் சுருண்டது.
தூள் பொடிப்பொடியாய் இறங்கியது.
கட்டைவிரல் ஏதோ யோசனையில் உருண்டது.
பார்த்துக்கொண்டே இருந்தாள்,
மடியில் கை தன்பாட்டுக்கு ஓடியது.
"இது என் கை இல்லண்ணே.
இந்தக் கைக்கு வேற சோலி இல்லையா?"

சொரிமுத்து ஒன்றும் சொல்லவில்லை.
லேப்டாப்பில் குறைக்காத படத்தைத் தேடி எடுத்து
அதைப் போட்டான்.
அணில் கத்தியது.
"ஆங்" என்றாள்,
முடிச்சுப் போட்ட நூலைக் கடித்துத் துப்பிவிட்டு.