நாலு சனல்

கஸ்தூரியார் வீதி நகைக்கடையில்
மேசைக்கடியில முழங்காலில நிக்கிறன்.
வாயில திருகாணி.

ரொறன்ரோவில இருந்து மச்சான் அனுப்பின கார்ட்
ஸ்லொட்டில ஏறுது,
படம் ஏறேல்லை.
கறுப்பு வெள்ளையில கடை உருளுது.

அங்கத்தைக் கணக்கு செக்கனுக்கு முப்பது படம்,
எங்கட கமரா இருபத்தைஞ்சு.

"அஞ்சுதானே? சமாளிக்கேலாதோ?"
பவுணை மில்லிகிராமில நிறுக்கிற குலவீரசிங்கம் கேக்கிறார்.

ஏலாது.

முந்தி இதே முடக்கில
மண்மூட்டைக்குப் பின்னால இருந்து
எங்களைப் பாத்தவங்களுக்கு
எந்தக் கார்டும் தேவைப்படேல்லை.

கொழும்புக்குச் சொல்லுவம், வேற எடுக்கலாம்.
கழட்டமுதல் நாலாவது கமராவை
றோட்டுப் பக்கம் திருப்பிப் பாக்கிறன்:
என்ர சைக்கிள்
மேலால போய்க் கீழால வருது,
திரும்பவும் மேலால.

பூட்ட மறந்திட்டன்.