எல்லாவற்றுக்குமான ரிமோட்

எவரிஷ்டு தன் பெட்டிகளோடு கிளம்பியபோது
ரிமோட்டும் அவன் கோட்டுப் பையில் போய்விட்டது.
வேண்டுமென்றே அல்ல.
எதையுமே அவன் வேண்டுமென்று செய்ததில்லை,
அதுதான் பிரச்சினை.
டிவி என்னிடம் தங்கியது.
சேனல் மாற்ற அதன் பின்பக்கம் கைவிட்டுத் துழாவ வேண்டும்,
முதுகு சொறிந்துவிடுவது போல.

பொல்யாவு சந்தைக்குப் பின்னால் சீனர் கடையில்
ஆறு யூரோவுக்கு ஒன்று வாங்கினேன்.
எட்டுக் கருவிகளை ஆளும் என்றது அட்டை.
என்னிடம் இருப்பது ஒன்று.
பேட்டரி தனி.

விளக்கத்தாளை விரித்தால் மேசை நிறைந்தது.
பதினோரு மொழி.
எங்கள் மொழியும் இருந்தது,
பிரேசிலில் பேசுகிற மாதிரி.
குறியீட்டு அட்டவணையில் ஆயிரம் கம்பெனி,
எறும்பு எழுத்தில்.
என் டிவியைச் செய்தவனை மட்டும்
யாருக்கும் தெரியவில்லை.

அப்படியானால் தேட விடுங்கள், என்றது தாள்.
செட் பொத்தானைச் சிவப்பு விளக்கு எரியும்வரை அழுத்துங்கள்.
பிறகு பவர்.
மறுபடி பவர்.
டிவி அணைகிற கணத்தில் ஓகே.
பொறுமை தேவை
(இதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்).

நவம்பர். ஜன்னலில் மழை.
நான் அழுத்தினேன். என் டிவியில் ஒரு பெண்
ஆக்டோபஸ் சோறு கிளறிக்கொண்டே இருந்தாள்.
நூறு. நூற்று அறுபது.
கட்டைவிரல் மரத்துப்போய்
சோபாவில் சாய்ந்து, கை எங்கோ பார்க்க,
இருநூற்றுப் பதின்மூன்றாவது அழுத்தலில்
தெருவுக்கு அந்தப் பக்கம்
செஞ்ஞோர் அடெரிட்டுவின் டிவி அணைந்தது.

எங்கள் தெரு அவ்வளவுதான் அகலம்.
இரண்டு பேர் குடை விரித்தால் ஒருவர் நிற்க வேண்டும்.
எவரிஷ்டுவின் ஸ்கூட்டர் அவர் வாசலை மறித்த நாளிலிருந்து
பேச்சில்லை.
ஸ்கூட்டர் போய்விட்டது.
பேச்சில்லாமை போகவில்லை.

அங்கே யாரோ பெனால்டி உதைக்க
ஓடிவந்துகொண்டிருந்தான்.
அடெரிட்டு எழுந்தார். டிவியின் தலையில் ஓர் அடி.
என் விரல் பதறி
ஓகேயை அழுத்தியது.
விளக்கு இருமுறை சிமிட்டியது:
சேமித்துவிட்டேன்.

ஒப்புக்கொள்கிறேன்.
சத்தம் அதிகமான இரவுகளில் பயன்படுத்தினேன்.
அவர் நாற்காலியிலேயே தூங்கிப்போனபோதும்
(அதைப் பாவக் கணக்கில் சேர்க்கமாட்டேன்).
ஒருமுறை, காரணமே இல்லாமல்,
ஒரு செவ்வாய்க்கிழமை.
ஒவ்வொரு தடவையும் அவர் எழுவார், அடிப்பார், திட்டுவார்,
உதட்டசைவில் எனக்குப் புரியும்.
அந்த வீட்டில் நான் நடத்திய ஒரே உரையாடல்.

ஜனவரியில் ஓர் இரவு அணைத்தேன்.
அவர் எழவில்லை.
மறுநாளும் ஜன்னல் கறுப்பு.
நானே போட்டுப் பார்த்தேன்: பவர். பவர்.
கண்ணாடியில் என் விளக்கின் நிழல் மட்டும்.

ஏப்ரனோடே இறங்கி, தெரு கடந்து,
முப்பத்தொரு படி ஏறி, மணி அடித்தேன்.
படிக்கு ஒரு நோய் நினைத்துக்கொண்டு போனேன்.

கதவு திறந்தது. கையில் ஸ்க்ரூடிரைவர்.
பின்னால் மேசைமேல் டிவி
தோல் உரித்த முயலாகக் கிடந்தது.
முட்டைக் கிண்ணங்களில்
ஸ்க்ரூக்கள், அளவு வாரியாக.
"டோனா டியோலிண்டா," என்றார்,
இரண்டு வருடத்தில் என் பெயரை
அவர் தொலைக்கவில்லை,
"மூன்று மாதமாக இதற்கு ஒரு வியாதி.
நேற்றுதான் பிடித்தேன்."
சுண்டுவிரல் நகம் அளவில் எதையோ
விளக்கொளியில் தூக்கிக் காட்டினார்.
வயிறு உப்பிய கபாசிட்டர், பாவம்,
ஒன்றுமறியாதது.
"புதிதாகப் பற்றவைத்துவிட்டேன். இனி அணையாது."

ரிமோட் ஏப்ரன் பையில் இருந்தது.
சொல்லியிருக்கலாம்.
காப்பி குடிக்கிறீர்களா என்றார்.
குடித்தேன்.

என் டிவிக்கு இன்னும் முதுகு சொறிகிறேன்.
அழிக்கும் முறை தாளின் மறுபக்கம் இருக்கிறது,
நான் திருப்பவில்லை.
மாலைகளில் எதிரே நீல வெளிச்சம்,
சில நாள் சத்தம் அதிகம்தான்.
இனி அணையாது என்று அவர் சொன்னார்.
அந்த வார்த்தையைக் காப்பாற்றி வருகிறேன்.