நீளமான வாக்கியம்

ஹான் ஐயா கொரிய மொழியில் சொல்வதை
மிசொன் ஆங்கிலத்தில் சொல்வாள்,
நான் தமிழில் சொல்வேன்.
பதிலும் அதே வழியில் திரும்பிப் போகும்
பென்னாகரம் டவுன் பஸ் மாதிரி,
ஒவ்வொரு நிறுத்தத்திலும்
யாரையாவது இறக்கிவிட்டு.

பன்னிரண்டு நாள் ஊழியம்.
பல் டாக்டருக்கு விமானம் ஏறுகிற அன்று காய்ச்சல்.
பிரஷ்கள் மட்டும் வந்து சேர்ந்தன,
அறுநூறு, பிடியில் குட்டிக் கரடி படம் போட்டு.
ஹான் ஐயா பூசானில் சலவைக்கடைக்காரர்.
கறை என்றால் எனக்குத் தெரியும் என்று
அவராகவே முன்வந்தார்.

நரிமேட்டுக்கொட்டாயில்
ஜெபவீட்டுச் சுவருக்கு நீலம் அடித்தார்கள் பையன்கள்.
தர்மபுரியிலிருந்து டெம்போவில்
கேன் தண்ணீர் வந்தது,
அவர்களுக்கும் எனக்கும்.

வரிசையில் வந்தவர்கள் வாய் திறந்தார்கள்.
பத்து வயதுக்கும் அறுபது வயதுக்கும் ஒரே நிறம்,
ஆறிப்போன டிகாஷன் கோடு கோடாய்.
"காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை"
சொன்னேன்.
"வட்டமாகத் தேய்க்க வேண்டும்"
சொன்னேன்.
சாயங்காலம் ஜீவத்தண்ணீர் பற்றிப் பிரசங்கம்.
அதையும் சொன்னேன்.
"எந்த போர்ல டீச்சர்?" என்றது பின்வரிசைக் குரல்.
சிரிப்பு அடங்கும்வரை மிசொன்
என் முகத்தையே பார்த்திருந்தாள்.
ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

மாதையன் வந்தது நான்காம் நாள்.
பிரஷ்ஷை வாங்கவில்லை.

"எம்பொண்ணு நாளைக்கி நாலு தடவ வெளக்குறா டீச்சர்.
மூணு எடம் வந்து பாத்தாங்க,
அவ சிரிச்சதும் காப்பிய வெச்சிட்டு எந்திரிச்சிட்டாங்க.
எம்பொஞ்சாதிக்கு முட்டி மடங்காது, நாப்பத்தாறு வயசுதான்.
பாறையில இருக்குது, தண்ணியில வருது.
ஒகேனக்கல் கொழா போட்டாங்க, மேட்டுக்கு ஏறல.
கற எங்களுதில்லன்னு
அந்தாளுகிட்டச் சொல்லு."

வரிசையில் இன்னும் அறுபது பேர்.
சோறு ஆறிக்கொண்டிருந்தது.
எனக்கு நாளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் பேச்சு.
இதெல்லாம் காரணமா, தெரியவில்லை.
"நன்றி என்கிறார்" என்றேன்.

ஹான் ஐயா கைகூப்பினார்.
மாதையனும் கூப்பினார்,
எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டதென்று நம்பி.

பதினோராம் நாள் இரவு
மண்ணெண்ணெயில் பெயின்ட் பிரஷ் அலசிக்கொண்டே
மிசொன் கேட்டாள்:
"அந்த மனிதர் பேசியது நீளம்.
நீங்கள் சொன்னது இரண்டு வார்த்தை.
தமிழ் அவ்வளவு பெரிய மொழியா?"

முழுவதும் சொன்னேன்.
காப்பியை, முட்டியை, மேடு ஏறாத குழாயை.
அவள் எழுந்து போய்
அவரை எழுப்பிச் சொன்னாள்.
பாறை என்ற இடத்தில் அவர்
திரும்பக் கேட்டது மட்டும் எனக்குக் கேட்டது.
நெடுநேரம் கழித்து ஒரு வரி
இரண்டு மொழி தாண்டி வந்தது:
கறை நூலிலேயே இருந்தால்
துணியைத் திட்டக் கூடாது.

விடிந்ததும் போரடியில் நின்று
ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டார்.
ஊருக்குப் போய்ப் பரிசோதிக்க வேண்டுமாம்.
இங்கேயே பரிசோதித்தாயிற்று,
கலெக்டர் ஆபீஸில் கட்டாய் இருக்கிறது காகிதம்
என்று நான் சொல்லவில்லை.
இதை ஏன் விழுங்கினேன் என்றும்
இன்னும் யோசிக்கிறேன்.

வேன் போன பிறகு
புது நீலச் சுவரில்
பசுவொன்று முதுகு தேய்த்து நின்றது.

மறுநாள் மிசொன் அனுப்பியிருந்தாள்:
பெங்களூரு விமான நிலையத்தில்
பெட்டியைத் திறந்து காவலர் கேட்டாராம்,
குடிக்கிறீர்களா, கொட்டுகிறீர்களா?
ஹான் ஐயா நின்றபடியே
முழுப் பாட்டிலையும் குடித்துவிட்டார்.

மாதையன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.
உள்ளே அவர் மகள்
கரடி பிரஷ்ஷால் தையல் மெஷினின்
பஞ்சுத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.
அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சப்புன்னு இருந்திருக்குமே."

சின்ன வாக்கியம்தான்.
அப்படியே அனுப்பினேன்.