இதுவா, அதுவா

புந்தா அரேனாஸில் நவம்பர் என்றால் காற்று.
நாங்கள் இதை வசந்தம் என்கிறோம், வேறு பெயர் கிடைக்காததால்.
நகராட்சி ஆட்கள் வந்து
சதுக்கத்து மூலைகளில் கம்பத்துக்குக் கம்பம்
கயிறு கட்டிவிட்டுப் போவார்கள்,
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள.
சின்ன வயதில் அதைப் பிடிப்பவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.
இப்போது அறுபத்தொன்பது.
கயிறு என்றைக்குக் கட்டுவார்கள் என்று
முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்கிறேன்.

சாம்பல் நிறக் கோட்டின் பையில் ஓட்டை.
சில்லறை தேடி உள்ளே போன விரல்
உள்துணிக்கு அடியில் ஒரு தாளைத் தொட்டது.
நான்காக மடித்தது. என் கையெழுத்து.
அரிசி. எலுமிச்சை மூன்று.
பழுப்புக் கம்பளி நூல்கண்டு இரண்டு.
கேமரா ஃபிலிம், முப்பத்தாறு படம்.
சவர பிளேடு.
பிறகு ஒரு சொல், மடிப்பில் மை கலங்கி.

தேதி போடவில்லை.
ஃபிலிமை வைத்துக் கணக்குப் பார்த்தேன்,
எண்பத்தேழு, அல்லது எட்டு.
அப்போது வீட்டில் இரண்டு ஆண்கள்,
அப்பாவும் எலிசேயோவும்.
ஒரே கண்ணாடி, ஒரே சோப்புக் கிண்ணம்,
யார் முந்துவது என்று தினமும் ஒரு முணுமுணுப்பு.
பிளேடு யாருக்கு?
யோசித்தால் நுரையோடு ஒரு தாடை வருகிறது.
அதற்கு மேலே
முகம் வரமாட்டேன் என்கிறது.

முப்பத்தொரு வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தவள் நான்.
இருட்டறையில் உட்கார்ந்தவர்களின் கண்முன்னே
வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு
ஒரே கேள்வியைக் கேட்டவள்:
இது தெளிவா, அது தெளிவா?
ஆட்டு ரோமம் கத்தரிப்பவர்கள், மாலுமிகள்,
ஒருமுறை ஒரு நீதிபதி,
எல்லோருக்கும் அந்த நொடியில் ஒரு பயம் வரும்.
தப்பான பதில் என்று ஒன்று கிடையாது, என்பேன்.
பொய்தான்.
மறு வாரம் தலைவலியோடு திரும்பி வருவார்கள்.

கலங்கிய சொல்லுக்கு மூன்றே எழுத்து.
எங்கள் மொழியில் உப்புக்கும் வெயிலுக்கும்
நடு எழுத்து ஒன்றுதான் வேறு.
ஜன்னலருகே போய்ப் பிடித்தேன்,
பூதக்கண்ணாடி வைத்தேன், கண்ணைச் சுருக்கினேன்.
இதுவா, அதுவா?
உப்புதான். கடைக்குப் போகிறவள்
வெயிலையா எழுதிக்கொண்டு போவாள்?
ஆனாலும் அந்தப் பெண்ணைப் பற்றி
என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

தாளை எடுத்துக்கொண்டே கடைக்குப் போனேன்.
ஃபிலிம் கேட்டதற்கு யாஸ்னா
மிச்சச் சோற்றை மூடி வைக்கிற
பிளாஸ்டிக் சுருளை எடுத்து நீட்டினாள்.
மறுக்கத் தோன்றவில்லை, வாங்கிக்கொண்டேன்.
பிளேடும் வாங்கினேன்.
என் தாடையிலும் இப்போது இரண்டு முடி.

வெளியே வந்தால் மாலை எட்டு மணி,
வெயில் இன்னும் கூரைத் தகரங்களில் அடித்துக்கொண்டிருந்தது,
காசு கேட்காமல்.
கயிற்றைப் பிடித்தேன்.
பாதி தூரத்தில், அதே கயிற்றில்,
எதிர்ப்பக்கமிருந்து ஒருவர்.
தெரிந்த முகம், பெயர் வரவில்லை.
இடது கண் மைனஸ் மூன்றேகால்,
அது மட்டும் உடனே வந்தது.
அவர் தொப்பியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.
நான் பையை இடுக்கிக்கொண்டு அவரைப் பார்த்தேன்.
யார் கையை விடுவது?

யாரும் விடவில்லை.
ஒருவர் தோளைச் சுற்றி மற்றவர் கையை நீட்டி
அந்தப் பக்கத்துக் கயிற்றைப் பற்றினோம்.
அந்த அரை நிமிடம்
அவருடைய கம்பளிக் கோட்டில் புகையிலை வாசம்.
இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை,
சொன்னாலும் காற்றில் கேட்டிருக்காது.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன்.
உப்பு ஏற்கெனவே இரண்டு பொட்டலம் இருந்தது.