மூன்றாம் அங்கத்தில் சாகிறவள்

விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும் மாதம்.
பாசிக்கும் நாங்களே லீவு விட்டிருந்தோம்.
புதுப்படம் எதுவும் வரவில்லை என்று
மண்டபம் ஜலீலா டாக்கீஸில்
இத்தாலியிலிருந்து ஒரு பாட்டு நாடகத்தை
டிஷ்ஷில் இறக்கி ஓட்டினார்கள்.
அங்கே நடக்கும்போதே இங்கே தெரியுமாம்.
அங்கே இன்னும் பொழுது சாயவில்லையாம்.
டிக்கெட் எண்பது ரூபாய்,
ஒரு கிலோ காய்ந்த மரிக்கொழுந்துப் பாசி.
ஏசி வேலை செய்யும் என்றதால் கொடுத்தோம்.

பதினோரு பேர்.
மீன் ஆராய்ச்சி நிலையத்து டாக்டரம்மா,
இந்தப் புழுக்கத்திலும் கோட்டுப் போட்டு வந்த அவர் கணவர்,
ஐஸ் கம்பெனிப் பையன்கள் நாலு பேர்,
முதல் பாட்டிலேயே தூங்கிப்போன
கடலோரக் காவல்படை வடக்கத்திக்காரர்,
பிறகு சின்னப்பாலத்திலிருந்து நாங்கள்:
நான், நம்புச்செல்வி, அவள் நாத்தனார் ராக்கு,
அரை டிக்கெட் கிடையாது என்று
முழு டிக்கெட் வாங்கவைத்த ராக்கு மகன்.

திரைக்குக் கீழே இங்கிலீஷ் ஓடியது.
டாக்டரம்மா மட்டும் படித்தார். படித்துப் படித்து அழுதார்.
நாங்கள் எங்களுக்கு வந்த கதையை வைத்துக்கொண்டோம்.
தாடிக்காரன் அண்ணன்.
வெள்ளைக் கவுன்காரி யாருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டு
இப்போது முழிக்கிறாள்.
"பச்சைச் சட்டை யாரு, புருசனா?"
"வட்டிக்காரன்டி. கையைப் பாரு."

இடைவேளையிலும் திரை அணையவில்லை.
கறுப்பு உடுப்பில் ஆட்கள் வந்து
ஒரு மாளிகையை உருட்டிக்கொண்டு போனார்கள்.
ஒருவன் சுவரில் சாய்ந்து பன் தின்றான்.
ஆபரேட்டர் சகாயம் மாடியிலிருந்து இறங்கி
நின்றபடியே அதைப் பார்த்தார்.
"இத மட்டும் தனியாப் போட்டா
நான் தெனமும் பாப்பேன்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

மூன்றாம் அங்கத்தில் அவளுக்கு நோவு.
கட்டிலில் கிடந்து இருமினாள்.
எழுந்து உட்கார்ந்து
ஒரே ஒரு எழுத்தைப் பிடித்து நீட்டத் தொடங்கினாள்.

நான் எண்ணத் தொடங்கினேன். பழக்கம்.
கீழே போனவள் மேலே வரும்வரை
வள்ளத்தில் இருப்பவள் எண்ணுவாள்.
பதினெட்டு. பத்தொன்பது.
"சாகப்போறவளுக்கு ஏதுடி இம்புட்டு மூச்சு?"
என்றாள் ராக்கு.
நம்புச்செல்வி ஒன்றும் சொல்லவில்லை.
முயல்தீவுப் பாரில் ஒருமுறை
அவள் தங்கச்சியை எண்ணிக்கொண்டிருந்தோம்.
எண்ணூறுக்கு மேலே போனோம்.
நிறுத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அப்போதுதான் கச்சான் கிளம்பி
டிஷ்ஷை அடித்தது.
படம் கட்டங்கட்டமாய் உடைந்து
வாய் திறந்தபடி நின்றாள்.
சத்தம் இல்லை.
பையன்கள் விசிலடித்தார்கள்.
மேலே தகரத்தில் சகாயத்தின் செருப்பு ஓடியது.
நம்புச்செல்வி என் முழங்கையைப் பிடித்திருந்தாள்,
நகம் பதிய.
இருட்டில் அவள் உதடும் அசைந்தது,
என் உதட்டுக்கு ஒரு எண் பிந்தி.

படம் திரும்பி வந்தபோது
அவள் செத்து, எழுந்தும் விட்டிருந்தாள்.
பூ விழுகிறது. குனிந்து குனிந்து கும்பிடுகிறாள்.
கேமரா கிட்டே போனது.
கழுத்துக்குழி உள்ளே இழுத்து இழுத்து,
விலா ஏறி இறங்கி,
மூக்கோரம் ஈரம்.
முகக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
வள்ளத்து விளிம்பைப் பற்றிக்கொண்டு
எங்களில் ஒருத்தி தொங்குகிற மாதிரியே இருந்தாள்.

"வந்துட்டா" என்றாள் நம்புச்செல்வி
தியேட்டருக்கே கேட்கும்படி.
கோட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.
வடக்கத்திக்காரர் விழித்துக்கொண்டு கைதட்டினார்.

கடைசி பஸ் போய்விட்டது.
ஷேர் ஆட்டோ பாலம் ஏறும்போது
காற்று எங்களை ஒரு பக்கமாய்த் தள்ளியது.
பிள்ளை ராக்கு மடியில் தூங்கிவிட்டான்.
"நீ எதுவரைக்கும் எண்ணுன?"
"விட்டுப்போச்சு" என்றேன்.
விடவில்லை.
அவளும் மேலே கேட்கவில்லை.

"என்ன படம்க்கா?" என்றார் ஆட்டோக்காரர்.
"வட்டிக்காரன் கதை" என்றாள் ராக்கு.
"பாட்டு நெறைய."