இரண்டு

என் ஊர் பிளெவெனில் ஆறுதான் உச்சி.
இரண்டு என்றால் பெயில்.
வாத்தியார் அதைப் பதிவேட்டில் எழுதும் முன்பே
காது சுட்டுவிடும்.

இங்கே, ஓல்டன்பர்க்கில், தலைகீழ்.
வந்த முதல் குளிர்காலத்தில்
ராதோஸ்தின் கணக்குத் தாளை நீட்டினான்.
மூலையில் ஒன்று.
உருளைக்கிழங்குத் தோல் ஒட்டிய கையை
ஓங்கிவிட்டேன்.
"அம்மா, இங்கே ஒன்றுதான் உசத்தி."
ஓங்கிய கையை என்ன செய்வது?
மேல்தட்டிலிருந்து உப்பை எடுத்தேன்,
உப்புக்காகவே ஓங்கியது போல.

என்னிடமும் ஓர் எண் உண்டு.
வேதியியல் பட்டம், ஐந்து புள்ளி எட்டு.
அலுவலகத்தில் நீட்டினேன்.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள்
செல்லாக்காசைப் பார்ப்பது போலத்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
ஆகவே, குளிப்பாட்டுகிறேன்.
முதுகு, அக்குள், விரலிடுக்கு.

ஆல்ரிக்ஸ் ஐயாவுக்கு எண்பத்தேழு.
ஜெர்மன் இலக்கண வாத்தியார்,
முப்பத்தெட்டு வருடம் சிவப்பு மை.
சில இரவுகளில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று
அவருக்குத் தெரியாது.
ஒரு காலையில் குளிர்பெட்டியைத் திறந்தேன்,
வெண்ணெய்க்குப் பக்கத்தில் ஒற்றை ஷூ.
கயிறு கட்டி, ஒழுங்காக.

இந்த நாட்டில் முதுமைக்கும் மதிப்பெண் போடுகிறார்கள்.
ஒன்று முதல் ஐந்து.
எவ்வளவு முடியாதோ அவ்வளவு மேலே.
மூன்று வந்தால் மாலையிலும் நான் வரலாம்.

பரிசோதிக்கப் பெண்ணொருத்தி வந்த நாளில்
கதவைத் திறந்தவர் அவரே.
தேய்த்த சட்டை. கழுத்தில் டை.
தானே சவரம் செய்து தாடையில் இரண்டு கீறல்.
இன்று என்ன தேதி? சொன்னார், கிழமையோடு.
கையைத் தூக்க முடியுமா? தூக்கினார்,
விடை தெரிந்த பையனைப் போல.
இரவில் எப்படி என்று அவள் என்னைக் கேட்டாள்.
அவர் என்னைப் பார்த்தார்.
ஷூ நாக்கு நுனிவரை வந்தது.
காட்டிக்கொடுக்காதே என்று கெஞ்சும் கண்ணை
நானும் பள்ளியில் பார்த்திருக்கிறேன்,
அதுவும் கண்ணாடியில்.
"நன்றாகத் தூங்குவார்" என்றேன்.

மூன்று வாரத்தில் கடிதம்.
இரண்டு.
அவர் வாய்விட்டுப் படித்தார், முகம் மலர.
"இரண்டு! நல்லது என்று அர்த்தம்.
இந்த வயதில் ஒன்று யார் தருவார்?"
எனக்குக் காது சுட்டது.

மேல்முறையீட்டுக்கு ஒரு மாதம்.
எனக்குத் தெரிந்த ஜெர்மனில் எழுதினேன்:
கழிப்பறை, இரவு, எரியும் அடுப்பு, குளிர்பெட்டி.
எழுத எழுதப் பழைய பொய்
வரிக்கு வரி என்னைக் கிள்ளியது.
கையெழுத்துக்காக அவர் முன் வைத்தேன்.
எதைப் பற்றிய தாள் என்று கேட்கவில்லை.
மேசை இழுப்பறையில்
அந்தப் பேனா இன்னும் இருந்தது.
ஷூவை நான் பெண்பாலாக எழுதியிருந்தேன்,
ஆண்பாலாக்கினார்.
ஓரிடத்தில் வினைச்சொல்லைப் பிடுங்கி
வாக்கியத்தின் வாலில் நட்டார்.
"எரியும் அடுப்பு" என்ற இடத்தில் மட்டும்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு ஒரு காற்புள்ளி.

அடியில் வட்டமிட்டுப் போட்டார்: மூன்று.
"மோசமில்லை. பால் வேறுபாட்டில் கவனம் தேவை."
கீழே, வழக்கப்படி,
தன் முழுக் கையெழுத்து.

நாங்கள் கேட்டதும் மூன்றுதான்.

நல்ல தாளில் பெயர்த்தெழுதலாம் என்று நினைத்தேன்.
எழுதவில்லை.
அந்தச் சிவப்போடே மடித்து
உறைக்குள் வைத்து
எச்சில் தொட்டு ஒட்டினேன்.
தபால்பெட்டி தெருமுனையில்.
அவரும் வருவேன் என்றார்.
ஷூக்களைத் தேடத் தொடங்கினோம்.